இறந்தகாலத்தின் பாக்கி

1

எங்கள் கிளையில் ஆங்கிலத்தில் ஏதாவது எழுத வேண்டியவர்கள் நகலை என்னிடம் காட்டிவிட்டுப் போவது வழக்கம். பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்பது ஒரு வங்கிக் கிளையில் எப்படியோ தெரிந்துபோய்விடுகிறது. தெரிந்தபின் தப்ப வழியில்லை. அப்படி வரும் நகல்களில் நான் அதிகமாக அடித்திருக்கும் சொல் ஒன்றுதான்: 'ஹாட்'.

'ஐ ஹாட் சப்மிட்டட் தி ஃபார்ம் லாஸ்ட் வீக்.' 'ஐ ஹாட் கான் டு மதுரை எஸ்டர்டே.' வாடிக்கையாளர்கள் எழுதுகிறார்கள், சக ஊழியர்கள் எழுதுகிறார்கள், மேலிடத்திலிருந்து வரும் சுற்றறிக்கைகளிலும் பார்த்திருக்கிறேன். போன வாரம் என்று நாள் சொல்லியாகிவிட்டது. வெறும் 'ஐ சப்மிட்டட்' போதும். 'ஹாட்' வேண்டுமென்றால் அதற்குப்பின் இன்னொரு சம்பவம் நடந்திருக்க வேண்டும். பேனாவால் ஒரு கோடு. நகல் திரும்பிப் போய்விடும்.

பல வருஷங்கள் இதை யோசிக்காமலே செய்துவந்தேன். கொஞ்ச காலமாக அந்த இடத்தில் பேனா தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இலக்கணத்தில் தொடங்கும் இது இலக்கணத்தில் முடியப்போவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

2

நம்மில் பலருக்கு ஆங்கிலக் காலங்களைக் கற்பித்தது ரென் அண்டு மார்ட்டின் இலக்கணம். அந்த ரென், 1924ல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதிய பி.ஸி. ரென்தான். பாலைவனக் கோட்டைச் சுவரில் செத்த சிப்பாய்களை வரிசையாக நிறுத்திவைத்த அதே கை, நம் பிள்ளைகளுக்காக வினைச்சொற்களையும் வரிசையாக நிறுத்தி வைத்தது. வரிசை மனப்பாடமாகிவிடுகிறது. ஏன் அந்த வரிசை என்பது மட்டும் தெரிவதில்லை.

மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்ளலாம். 'ஐ லாஸ்ட் மை கீ.' 'ஐ ஹாவ் லாஸ்ட் மை கீ.' 'ஐ ஹாட் லாஸ்ட் மை கீ.' மூன்றிலும் சாவி தொலைந்தது ஒன்றுதான். தொலைந்த நேரமும் ஒன்றாகவே இருக்கலாம். முதல் வாக்கியம் ஒரு கதை. என்றோ ஒருநாள் தொலைத்தேன், அன்று மாலையே கிடைத்திருக்கலாம், வீட்டையே மாற்றியிருக்கலாம். அந்தச் சாவிக்கும் எனக்கும் இன்று பேச்சுவார்த்தை இல்லை. இரண்டாவதைச் சொல்பவன் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறான். மூன்றாவதைச் சொன்னவன் இன்னும் முடிக்கவில்லை. சாவி தொலைந்திருந்தது, அதனால் அன்றிரவு திண்ணையில் படுத்தேன் என்பதுபோல் ஒன்று வர வேண்டும். வராவிட்டால் அந்தரத்தில் தொங்குகிறது.

டென்மார்க்கின் ஆங்கில இலக்கண ஆசிரியர் ஆட்டோ யெஸ்பர்ஸன் 1924ல் வெளிவந்த தம் 'இலக்கணத்தின் தத்துவம்' நூலில், பிரஸெண்ட் பர்ஃபெக்டை இறந்தகாலத்தின் ஒரு வகை என்று பார்ப்பதைவிட நிகழ்காலத்தின் ஒரு வகை என்று பார்ப்பதே பொருத்தம் என்ற பார்வையை எடுத்துக்கொள்கிறார். திரும்பிப் பார்க்கும் நிகழ்காலம் அது. பேச்சு பழையதைப் பற்றி. நிற்கும் இடம் இன்று.

இதைத் தர்க்கத்தில் தெளிவாக்கியவர் ஹான்ஸ் ரைஷன்பாக். 1933ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியைவிட்டு இஸ்தான்புல்லுக்குப் போய், 1938ல் லாஸ் ஏஞ்சலீஸ் போய்ச் சேர்ந்த தத்துவவாதி. 1947ல் எழுதிய தர்க்க நூலில் சில பக்கங்களை வினைச்சொல்லின் காலங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார். ஒரு வினையில் இரண்டல்ல, மூன்று புள்ளிகள் இருக்கின்றன என்கிறார். காரியம் நடந்த புள்ளி. நாம் பேசுகிற புள்ளி. மூன்றாவது, எந்த இடத்தில் நின்று அந்தக் காரியத்தைப் பார்க்கிறோமோ அந்தப் புள்ளி. சிம்பிள் பாஸ்டில், பார்க்கும் புள்ளி காரியத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. நாம் அங்கே போய் நின்று பார்க்கிறோம். பிரஸெண்ட் பர்ஃபெக்டில் அது பேசும் புள்ளியோடு ஒட்டிக்கொள்கிறது. நாம் இங்கேயே நிற்கிறோம். பாஸ்ட் பர்ஃபெக்டில் மூன்றும் தனித்தனி. இடையில் ஏதோ ஒரு நாளில் நின்று, அதற்கும் முந்தைய நாளைப் பார்க்கிறோம்.

நாள்காட்டிக்கு இரண்டு புள்ளிகள் போதும். மூன்றாவது புள்ளி நாள்காட்டியில் இல்லை. அது பேசுகிறவனுடைய தேர்வு. எனவே ஆங்கிலத்தில் இறந்தகாலத்தைப் பற்றிப் பேசுவது எப்போது நடந்தது என்று சொல்வது மட்டுமல்ல; நடந்ததற்கு நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்வதும்கூட. நாளைக் குறிப்பிட்டுவிட்டால் பிரஸெண்ட் பர்ஃபெக்டுக்கு இடமில்லை என்ற விதி இதிலிருந்தே வருகிறது. 'நேற்று' என்று சொன்னவுடன் நேற்றுக்குப் போய்விட்டோம். 'ஹாவ்' என்று இங்கேயும் நின்றுகொண்டிருக்க முடியாது. அமெரிக்கர்கள் பல இடங்களில் இதைத் தளர்த்திவிட்டார்கள் என்பது உண்மை. இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தவனும் 'ஐ ஜஸ்ட் ஏட்' என்பான். தளர்த்தியிருக்கிறார்கள், விட்டுவிடவில்லை.

3

தமிழில் இந்தப் பிரிவினை இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில் கோடு போட்டிருக்கிறது.

தொல்காப்பியம் காலம் மூன்று என்கிறது. இறந்தகாலத்தைக் காட்டும் இடைநிலைகளாக நன்னூல் த், ட், ற் என்ற ஒற்றுகளையும் இன் என்பதையும் தருகிறது. 'இறந்த' என்ற சொல்லை நாம் இன்று செத்த என்று கேட்டுப் பழகிவிட்டோம். சங்கப் பாடல்களில் சுரம் இறந்தவன் செத்தவனல்ல. பாலையைக் கடந்து போனவன். இறந்தகாலம் என்பது கடந்த காலம். காலம் கடந்ததா, நாம் காலத்தைக் கடந்தோமா என்று அந்தப் பெயர் சொல்வதில்லை.

வந்தான் என்பதற்குப் பக்கத்தில் வந்திருக்கிறான், வந்திருந்தான் என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தின் இரண்டு பர்ஃபெக்டுகளுக்கு நேர் என்று பள்ளியில் எழுதிப் போட்டார்கள். பாதிதான் சரி. 'நேற்று ராத்திரி திருடன் வந்திருக்கிறான்' என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். பார்க்கவில்லை, ஆனால் பூட்டு உடைந்து கிடக்கிறது, தடயத்திலிருந்து ஊகிக்கிறோம். நேற்று என்ற சொல் அதற்குத் தடையில்லை. ஆங்கிலத்தில் இதே வாக்கியத்தை 'ஹாஸ் கம்' என்று எழுதினால் தவறு. நம்மவர் செய்யும் தவறுகளில் பாதி இந்த ஊடுவழியாகத்தான் வருகிறது.

பழக்கத்தைச் சொல்வதில் மட்டும் இரு மொழிகளும் எதிர்பாராமல் கைகோர்க்கின்றன. 'அந்தக் காலத்தில் தாத்தா தினமும் ஆற்றுக்குப் போவார்' என்கிறோம். போன தாத்தாவுக்கு எதிர்கால இடைநிலை. ஆங்கிலத்தில் 'ஹி வுட் கோ' என்பதிலும் 'வில்' என்ற சொல்லின் பழைய வடிவம்தான் உட்கார்ந்திருக்கிறது. இதற்கே 'யூஸ்ட் டு' போட்டால் இன்னொரு சேதியும் சேர்ந்துகொள்கிறது: அன்று அப்படி, இன்று அப்படி இல்லை.

இனி அந்த 'ஹாட்'. 'போன வாரமே மனுக் கொடுத்திருந்தேன்' என்று தமிழில் ஒருவன் சொல்லும்போது அவன் தேதியை மட்டும் சொல்லவில்லை. கொடுத்தேன், கொடுத்தது அங்கே கிடக்கிறது, நீ ஒன்றும் செய்யவில்லை. இலக்கணம் கேட்கும் அந்த இரண்டாவது சம்பவம் உண்மையில் இருக்கிறது. அது நம்முடைய மௌனம். அதை மரியாதைக்காக அவன் வாக்கியத்தில் எழுதாமல் விட்டிருக்கிறான். 'ஐ ஹாட் சப்மிட்டட்' என்று எழுதியவன் ஆங்கிலம் தெரியாதவன் என்று நான் அடித்துக்கொண்டிருந்தேன். அவன் புகார் செய்துகொண்டிருந்தான்.

இப்போதும் 'ஹாட்'டை அடிக்கத்தான் செய்கிறேன். அடிப்பதற்கு முன்னால், 'பதில் வரலியா?' என்று கேட்கிறேன். பெரும்பாலும் வந்திருக்காது. அதை அடுத்த வாக்கியமாக எழுதச் சொல்கிறேன்: 'ஐ ஹாவ் நாட் ரிஸீவ்ட் எனி ரிப்ளை.' சிலருக்கு இவ்வளவு பச்சையாக எழுதத் தயக்கம். 'ஹாட்' இருந்தபோது சௌகரியமாக இருந்தது என்பது முகத்தில் தெரிகிறது.

4

பிரஸெண்ட் பர்ஃபெக்டைப் பற்றி நோம் சாம்ஸ்கி காட்டிய ஓர் உதாரணம் மொழியியல் படிப்பவர்களிடையே பிரசித்தம். 'ஐன்ஸ்டைன் ஹாஸ் விஸிட்டட் பிரின்ஸ்டன்' என்று சொல்லக் கூடாது. அவர் அங்கே போனது மட்டுமல்ல, இருபது வருஷங்களுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். ஆனால் 1955ல் செத்துப்போனார். பிரஸெண்ட் பர்ஃபெக்டின் எழுவாய் உயிரோடு இருக்க வேண்டும். ஊரை எழுவாயாக்கிச் செயப்பாட்டில் சொன்னால், பிரின்ஸ்டன் ஐன்ஸ்டைனால் பார்க்கப்பட்டிருக்கிறது என்றால், உறுத்தவில்லை. ஊர் இன்னும் இருக்கிறது. இதையே நமக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். எண்பது வயதான ஒருவர் இன்று 'ஐ ஹாவ் மெட் நேரு' என்று சொல்ல முடியும். 'நேரு ஹாஸ் மெட் மீ' என்று சொல்ல முடியாது. சந்திப்பு ஒன்று, ஆட்கள் இருவர், செத்தவருக்கு 'மெட்', இருப்பவருக்கு 'ஹாவ் மெட்'.

முதலில் இதை ஒரு வேடிக்கையான விதிவிலக்காகத்தான் படித்தேன். பிறகு இது வேடிக்கை இல்லை என்று பட்டது. ஒரு செயலில் சம்பந்தப்பட்ட இருவரில் ஒருவர் போய்விட்ட பிறகும், மிஞ்சியிருப்பவன் அதை நிகழ்காலத்தில் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று இலக்கணமே சொல்கிறது. ஆங்கிலம் 'ஹாவ்' என்கிறது: செய்ததை நான் வைத்திருக்கிறேன், என் உடைமை மாதிரி. தமிழ் 'இரு' என்கிறது: செய்து, இருக்கிறேன். செயலை உடையவனாக அல்ல, செய்தபின் மிஞ்சியிருப்பவனாக. தார்மிக ரீதியில் தமிழ் சொல்வது கடுமையானது என்று நினைக்கிறேன். உடைமையைக் கைமாற்றலாம். இருப்பதைக் கைமாற்ற முடியாது.

மனிதர்கள் சாகிறார்கள். அரசுகளும் கம்பெனிகளும் அவ்வளவு சுலபமாகச் சாவதில்லை. எனவே 'ஹாவ்' சொல்லும் தகுதி அவற்றுக்கு நூற்றாண்டுக் கணக்கில் இருக்கிறது. பணவிஷயத்தில் அவை அதைச் சரியாகவே சொல்கின்றன. பிரிட்டிஷ் அரசு 1833ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. அடிமைகளுக்கல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அதற்காக வாங்கிய கடன், பிறகு வேறு கடன்பத்திரங்களாக மாறி, கடைசிப் பகுதி அடைக்கப்பட்டது 2015ல். வாங்கியவர், கொடுத்தவர், கையெழுத்துப் போட்டவர் யாரும் இல்லை. ஆனாலும், 'அன்று வாங்கினார்கள்' என்று யாரும் சொல்லவில்லை. வாங்கியிருக்கிறோம் என்றே கணக்கு ஓடியது.

அதே அரசு, 1919 ஏப்ரல் 13ல் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் நடந்ததைப் பற்றிப் பேசும்போது காலம் மாறிவிடுகிறது. 1,650 ரவைகள் சுடப்பட்டன. செத்தவர்கள் அதிகாரபூர்வக் கணக்குப்படியே 379 பேர். நூறு வருஷம் ஆவதற்கு மூன்று நாள் முன்பு, 2019 ஏப்ரல் 10ல், பிரதமர் தெரேசா மே நாடாளுமன்றத்தில் நடந்ததற்கும் விளைந்த துன்பத்துக்கும் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. முழு மன்னிப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சித் தலைவர் அன்றே அங்கேயே கேட்டார். 'நடந்தது' என்பது சிம்பிள் பாஸ்ட். அதில் ஆள் இல்லை. மழை பெய்தது மாதிரி அதுவாக நடந்தது. 'சுட்டிருக்கிறோம்' என்று சொல்லியிருந்தால் எழுவாயும் வந்திருக்கும், எழுவாய் இன்னும் உயிரோடிருப்பதும் தெரிந்திருக்கும். கடன் பத்திரத்துக்கு ஒரு காலம், துப்பாக்கிக்கு வேறு காலம்.

5

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது உண்டு, அது அற்பமானதல்ல. எல்லாவற்றையும் 'ஹாவ்' போட்டே வைத்துக்கொண்டிருந்தால் யாரால் வாழ முடியும்? சிம்பிள் பாஸ்ட் ஒரு வரம். பல் பிடுங்கி வெளியே வருகிறவன் 'அப்பாடா, முடிந்தது' என்று மூச்சுவிடுகிறானே, அதைத் தேதிகளாக மாற்றிச் சொன்னால் அர்த்தமே போய்விடுகிறது என்று நியூஸிலாந்துத் தர்க்கவாதி ஆர்தர் ப்ரையர் 1959ல் ஒரு கட்டுரை எழுதினார். பல் பிடுங்கியது இன்ன தேதியில் இன்ன நேரத்துக்கு முடிகிறது என்பது முன்பும் உண்மை, பின்பும் உண்மை. அதற்காக யாரும் ஆறுதல் அடைவதில்லை. முடிந்துபோயிற்று என்பதற்குத்தான் ஆறுதல்.

சட்டமும் இந்த ஆறுதலை அங்கீகரித்திருக்கிறது. எங்கள் தொழிலில் இதற்கு லிமிடேஷன் என்று பெயர். 1963ம் வருஷத்து லிமிடேஷன் சட்டப்படி, ஒரு சாதாரணக் கடனுக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தாண்டிவிட்டால் கோர்ட்டு கேட்காது. வழக்குகளுக்கு ஒரு முடிவு இருப்பது பொதுநலன் என்பது இதன் பின்னாலிருக்கும் பழைய நியாயம். கவனிக்க வேண்டியது, கடன் செத்துப்போவதில்லை. வழக்குப் போடும் உரிமைதான் போகிறது. கடன்காரனே மனமுவந்து பிறகு கட்டினால் அது முறையான வரவுதான். திருப்பிக் கேட்க முடியாது. 'டைம்பார் ஆன' கடன் என்பது சிம்பிள் பாஸ்டுக்குப் போய்விட்ட கடன்.

அதைத் தடுக்க ஒரு வழியுண்டு. சட்டத்தின் 18ம் பிரிவு. கெடு முடிவதற்குள், கடன் இருக்கிறது என்று கடன்காரன் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிய மூன்று வருஷம். கட்டுகிறேன் என்று அவன் சொல்ல வேண்டியதில்லை. கட்ட மாட்டேன் என்று அதே தாளில் எழுதியிருந்தாலும் செல்லும். இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். கெடு முடிந்த பிறகு என்றால் ஒப்புதல் போதாது. கட்டுகிறேன் என்ற எழுத்து மூலமான வாக்குறுதியே வேண்டும். அதற்கு 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 25ம் பிரிவு இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம், யாருக்கு எந்தக் காலம் என்பதை அது பிரித்திருக்கும் விதம். விட்டுவிட வேண்டுமானால் கொடுத்தவன் விடலாம்; தள்ளுபடி அவன் உரிமை. உயிர்ப்பிக்க வேண்டுமானால் வாங்கியவன் கையெழுத்துதான் வேண்டும். 'அது முடிந்துபோன கதை' என்று சொல்ல அநியாயத்துக்கு ஆளானவனுக்கு உரிமையுண்டு, செய்தவனுக்கு இல்லை. செய்தவனால் முடிவது ஒன்றுதான்: செய்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்வது. சிம்பிள் பாஸ்டை யார் உபயோகிக்கிறார்கள் என்று பார்க்காமல் அது சரியா தவறா என்று சொல்ல முடியாது. இதை ரென் அண்டு மார்ட்டினில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

6

இதுவரை பிறரைப் பற்றி எழுதியாயிற்று.

2016ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தெற்கே ஒரு சிற்றூர்க் கிளை. பழைய சிறு கடன்களில் சில, கெடு முடியும் நிலையில் இருந்தன. ஃபீல்டு ஆபீஸர் வெளிமாநிலத்தவர். தமிழ் பேச ஆள் வேண்டுமென்று என்னை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனார். கையில் அச்சடித்த ஒப்புதல் படிவங்கள். எங்கள் பேச்சில் ரிவைவல் லெட்டர். எல்லாம் ஆங்கிலம்.

ஒரு தையற்காரர். அறுபத்தைந்து வயதிருக்கும். வீட்டு முன்னறைதான் கடை. மோட்டார் பொருத்திய மெஷின் வாங்க 2013ல் எடுத்த 15,000 ரூபாய்க் கடன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கட்டுவது நின்றுபோயிருந்தது. வட்டியோடு ஒன்பதாயிரத்துச் சொச்சம் பாக்கி. கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது. நாங்கள் போகும்போது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் யூனிபாரத்துக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். படிவத்தை வாங்கி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், 'என்ன சார் எழுதியிருக்கு?' என்று என்னிடம் கேட்டார்.

'ஒண்ணுமில்லய்யா. நீங்க பாங்க்ல கடன் வாங்கினீங்கன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான்.'

அவர் சிரித்தார். 'வாங்கினது வாங்கினதுதான சார். அத இல்லன்னு சொல்ல முடியுமா?' என்று கையெழுத்துப் போட்டார். துணியில் கோடு போடும் சாக்கட்டியின் பொடி கையிலிருந்து தாளில் ஒட்டியது. ஆபீஸர் அதை ஊதிவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவர் கடன் வாங்கினார், 2013ல் வாங்கினார். ஆனால் அந்தத் தாளில் எழுதியிருந்தது அதுவல்ல. இன்றைய தேதியில் நான் இவ்வளவுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தது. படிவத்தின் முழு நோக்கமும் அந்த 'இருக்கிறேன்'தான். வாங்கினார் என்பதற்கு எங்களிடம் வேறு தாள்கள் இருந்தன. நான் அதை வாங்கினீர்கள் என்று மொழிபெயர்த்தேன். தெரியாமல் இல்லை. பி.ஏ. ஆங்கிலம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த முன்னறையில் என் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் என்னை அழைத்துப் போயிருந்தார்கள்.

கடன் நியாயமானது. போட்டவர்களின் பணம் அது; திரும்பி வர வேண்டியதுதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் பேசுவது கடனைப் பற்றியல்ல, என் வாக்கியத்தைப் பற்றி. விஷயத்தை விளக்கியிருந்தாலும் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் இதற்கும் ஒரு காலம் இருக்கிறது: 'ஹி வுட் ஹாவ் சைண்ட்.' நடக்காத இறந்தகாலம். அதை யாரும் போய்ச் சரிபார்க்க முடியாது. சாக்குகளெல்லாம் குடியிருப்பது அந்தக் காலத்தில்தான். அவர் போட்டிருப்பாராகவே இருக்கட்டும். தெரிந்து போடும் கையெழுத்தை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதனால் இல்லையென்று ஆகிவிடாது.

ஐந்து மாதம் கழித்து அவர் இறந்துபோனார். 2017ல் மகன் இரண்டு தவணையாகப் பாக்கியைக் கட்டி, பாக்கியில்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டான். என்னைக் கடைக்கு அழைத்துப்போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தான். 'பாங்குலேர்ந்து ஒரு தம்பி வந்து நல்லவிதமா பேசிட்டுப் போனாருன்னு அப்பா சொன்னாங்க சார்' என்றான். கணக்கு முடிக்கப்பட்டது. எங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கெண்ணைத் தட்டினால் முடிந்தது என்றே காட்டும். சரியான சிம்பிள் பாஸ்ட்.

என் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். 'ஐ மிஸ்லெட் ஹிம் இன் 2016.' இலக்கணம் சுத்தம், தேதி இருக்கிறது, 'ஹாவ்' போட முடியாது. தேதியை எடுத்துவிட்டால் போடலாம். அவர் போய்விட்டார், அவருக்கு இனி சிம்பிள் பாஸ்ட் மட்டுமே. ஆனால் எழுவாய் நான். நான் இருக்கிறேன். கடன் அடைந்தது, படிவத்தின் கெடு முடிந்தது, அவரும் முடிந்தார். இந்த ஒன்று மட்டும் தேதியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தள்ளுபடி செய்ய உரிமையுள்ளவர் அவர் ஒருவர்தான். அவரிடம் நான் கேட்கவில்லை.

மகனிடமும் சொல்லவில்லை. இந்தச் 'சொல்லவில்லை'யில்தான் தமிழ் என்னைக் கொஞ்சம் தப்பவிடுகிறது. நம் எதிர்மறை வினைக்குக் காலம் கிடையாது. அன்று காப்பிக் கடையில் சொல்லவில்லை என்பதற்கும் அதே சொல்தான். இன்றுவரை சொல்லவில்லை என்பதற்கும் அதே சொல்தான். ஆங்கிலம் கேட்கிறது: 'டிட் நாட் டெல்' என்பதா, 'ஹாவ் நாட் டோல்ட்' என்பதா? முதலாவது, சந்தர்ப்பம் போய்விட்டது என்கிறது. இரண்டாவது, போகவில்லை என்கிறது. மகன் அதே ஊரில்தான் இருக்கிறான். அப்பாவின் மெஷினில்தான் தைக்கிறான் என்று கேள்விப்பட்டேன். இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

இரண்டாவதுதான் சரியான வடிவம். அதைத் தமிழில் எழுத ஒரு சொல் கூடுதலாக வேண்டும். இன்னும் சொல்லவில்லை.